ராஜாளிக்கு வைத்த கௌதாரி

மைசூரு
16 ஜனவரி 2025

லிங்கப்பன் அவர்களுக்கு,

நீங்கள் யாரென்று எனக்குத் தெரியாது. ஹனூர் பஸ்ஸில் வந்த வாழைப்பழ அட்டைப்பெட்டியை, உள்ளே ஏதோ உயிர் இருக்கிறது என்று சொல்லி, கண்டக்டர் முந்தாநாள் எங்கள் பறவை சிகிச்சை மையத்தின் வாசலில் இறக்கிவிட்டுப் போனார். பெட்டிக்குள் ஒரு சீட்டு இருந்தது. “இறக்கை ஒடிஞ்சிருக்கு, காப்பாத்துங்க” என்ற வரியும் அதன் கீழே உங்கள் பெயரும், கோபிநத்தம் அய்யாசாமி டீக்கடை என்ற விலாசமும் இருந்தன. போன் நம்பர் இல்லாததால் தபாலில் எழுதுகிறேன்.

நான் யதுகிரி, இங்கே கால்நடை மருத்துவர். வீட்டில் பேசுவது மேல்கோட்டை அய்யங்கார் தமிழ். பள்ளியில் படித்தது கன்னடம். தமிழ் எழுத்தை நாமக்கல்லில் கல்லூரியில் இருந்தபோது பஸ் போர்டுகளைப் பார்த்துப் பழகினேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் அனுப்பியது ராஜாளி. ஆண் பறவை. இடது இறக்கையின் மேல் எலும்பு இரண்டாக முறிந்திருந்தது. கம்பி வைத்துக் கட்டியிருக்கிறேன். உயிர் பிழைத்துவிடும். பறக்குமா என்று இன்றைக்குச் சொல்ல முடியாது. எக்ஸ்ரேயில் உடம்புக்குள் ஏழு ஈய ரவைகள் தெரிகின்றன. அதனால் இது தானாக விழுந்து அடிபட்ட பறவை இல்லை.

இரண்டு கேள்விகள் கேட்க வேண்டும். சுட்டது யார் என்பது முதல் கேள்வி. அதைவிட அவசரமானது இரண்டாவது. ராஜாளிகள் குஞ்சு பொரிக்கும் காலம் இது. கூட்டை விட்டு அகலாமல் பெண் காவல் இருக்கும், ஆண்தான் இரை கொண்டுவரும். அங்கே பக்கத்துப் பாறைகளில் இதன் ஜோடி இருக்கிறதா? கொஞ்சம் பார்த்து எழுத முடியுமா?

யதுகிரி


கோபிநத்தம்
22.1.2025

மைசூரு டாக்டரம்மாவுக்கு லிங்கப்பன் வணக்கத்துடன் எழுதுவது.

உங்கள் கடிதத்தை அய்யாசாமி கொடுத்தார். அவர் என் மனைவி மல்லம்மாவின் அண்ணன். அவர் கடைக்கு வரும் கடிதத்தை வேறு யாரும் பிரிக்கமாட்டார்கள். போன வருஷம் பள்ளிக்கூடத்து ஆந்தைக்கு மருந்து போட வந்தபோது அந்தக் கடைச் சுவரில் நீங்கள் ஒட்டிய நோட்டீஸ் இன்னும் இருக்கிறது. அதைப் பார்த்துத்தான் அனுப்பினேன்.

நான் இங்கிருந்து நாலு மைல் தள்ளி ஒரு பண்ணையில் காவல் வேலை பார்க்கிறேன். அந்தப் பறவை வேலியோரம் விழுந்து கிடந்தது, எடுத்து அனுப்பினேன். யார் சுட்டது என்று எனக்குத் தெரியாது. காட்டோரம் என்றால் யாராவது சுடத்தான் செய்வார்கள்.

நீங்கள் கேட்டபடி பார்த்தேன். பண்ணைக்குப் பின்னால் இருக்கும் மொட்டைப்பாறையின் இடுக்கில் கூடு இருக்கிறது. குஞ்சு ஒன்றுதான், பஞ்சு மாதிரி வெள்ளையாக இருக்கிறது. பெட்டை கூட்டை விட்டு எழுந்திருக்கவே இல்லை. நேற்று மத்தியானம் முழுக்கக் கத்திக்கொண்டே இருந்தது.

தயவுசெய்து இங்கே வரவேண்டாம். போனும் வேண்டாம். பண்ணையில் சிக்னல் கிடையாது. முதலாளி வரும் நாட்களில் எங்கள் போனை எல்லாம் வாங்கி வைத்துக்கொள்வார்.

லிங்கப்பன்


மைசூரு
28 ஜனவரி 2025

லிங்கப்பன் அவர்களுக்கு,

நீங்கள் சொன்னதில் பாதியை நான் நம்பவில்லை. ரவைகள் எல்லாம் ஒரு கை அகலத்துக்குள் இருக்கின்றன. அப்படி விழ வேண்டுமானால் மிகப் பக்கத்தில் இருந்து சுட்டிருக்க வேண்டும். பக்கத்தில் இருந்து சுட்டவரை நீங்கள் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. நான் போலீஸ் இல்லை. ஆனால் இப்படி ஒரு பறவை வந்தால் உடனே வனத்துறைக்கு எழுதிக் கொடுக்க வேண்டியது என் கடமை. இதுவரை ‘காயம்’ என்று மட்டும் எழுதியிருக்கிறேன். எக்ஸ்ரே என் மேஜை இழுப்பறைக்குள் இருக்கிறது. சுட்ட இடத்தில் இருந்த ஒருவர் அதை வைக்கோல் பரப்பிய பெட்டியில் வைத்து, காற்றுக்கு ஓட்டை போட்டு, நூறு மைலுக்கு மேல் அனுப்புவாரா என்ற யோசனை என்னைத் தடுத்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

குஞ்சைப் பற்றி. தாய் இரை தேடிப் போனால் குஞ்சு வெயிலில் வதங்கும், அல்லது காக்கை தூக்கிவிடும். போகாமல் இருந்தால் இரண்டும் பட்டினி. கூட்டுக்கு எதிரே தட்டையான பாறை ஏதாவது இருந்தால் அதில் செத்த கோழியோ கௌதாரியோ வைத்துவிட்டு விலகிப் போய்விட முடியுமா? முதல் நாள் தொடாது. விடாமல் வைக்க வேண்டும். துப்பாக்கியில் சுட்டதை மட்டும் வைக்காதீர்கள். இறைச்சியில் தங்கும் ஈயம் தாய், குஞ்சு இரண்டையும் கொன்றுவிடும்.

யதுகிரி


கோபிநத்தம்
4.2.2025

டாக்டரம்மாவுக்கு,

இதைப் படித்ததும் அடுப்பில் போட்டுவிடுங்கள்.

சுட்டது நான்தான்.

நான் வேலை பார்க்கும் இடத்துக்கு வெளியே காடைப் பண்ணை என்று போர்டு இருக்கிறது. காடையும் இருக்கிறது, அதற்குக் காகிதமும் இருக்கிறது. பின்னால் வலை போட்ட கூண்டுகளில் இருப்பவை கௌதாரிகள். பாறைக் கரட்டில் கண்ணி வைத்துப் பிடித்தவை கொஞ்சம், கூண்டிலேயே பொரித்தவை கொஞ்சம். முதலாளி விஜய்குமார் மைசூரில் கட்டட கான்ட்ராக்டர். ஞாயிற்றுக்கிழமைகளில் அவருடைய விருந்தாளிகள் வருவார்கள். சனிக்கிழமை சாயங்காலமே நாங்கள் கௌதாரிகளைப் புதருக்குள் விட்டுவிடுவோம். மறுநாள் காலை அவர்கள் வரிசையாக நிற்க, நாங்கள் புதரைத் தட்டிக்கொண்டு வருவோம். கௌதாரி எழும், அவர்கள் சுடுவார்கள். இதில் அவர்களுக்கு என்ன சந்தோஷமோ. ஆனால் அதைச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. சின்ன வயதில் நானும் கண்ணி வைத்தவன்தான், கௌதாரிக் குழம்பில் வளர்ந்தவன்தான்.

இந்த வருஷம் விட்ட கௌதாரிகளில் ஐந்தாறை ராஜாளி எடுத்துவிட்டது. விருந்தாளி ஒருவர் கண்ணெதிரேயே, அவர் குறி பார்த்த கௌதாரியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. அவர் சிரித்தார். முதலாளி சிரிக்கவில்லை. அன்று சாயங்காலம் என்னைக் கூப்பிட்டு, “வர்ற ஞாயித்துக்கிழமை அது இங்க இருக்கக்கூடாது, லிங்கப்பா. லைசென்ஸ் எதுக்கு வாங்கிக் குடுத்திருக்கேன்?” என்றார். துப்பாக்கி அவர் வாங்கியது. காட்டுப்பன்றியிடமிருந்து பயிரைக் காக்க என்று சொல்லி லைசென்ஸை மட்டும் என் பெயரில் எடுத்துக் கொடுத்திருக்கிறார்.

பொங்கலுக்கு முந்தின நாள் விடிகாலையில் ஒரு கௌதாரியைக் காலில் கயிறு கட்டிப் பாறைக்குக் கீழே விட்டுவிட்டு, நான் புதருக்குள் உட்கார்ந்தேன். ராஜாளி வந்தது. ஒரு வெடிதான் போட்டேன். விழுந்தது, சாகவில்லை. கழுத்தைத் திருக வேண்டும் என்று பக்கத்தில் போனேன். ஒடிந்த இறக்கையைத் தரையில் விரித்துப் போட்டு, கௌதாரியைக் காலுக்கடியில் இறுக்கிப் பிடித்தபடியே கிடந்தது. அந்த நிலையிலும் இரையை விடவில்லை. குஞ்சுக்குக் கொண்டுபோக வந்தது என்று அப்போது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் சுட்டிருக்கமாட்டேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. ஆனால் சுட்டிருப்பேன். முதலாளியிடம் செத்துவிட்டது, புதைத்துவிட்டேன் என்று சொன்னேன்.

நீங்கள் சொன்னபடி எதிர்ப்பாறையில் கௌதாரி வைக்கிறேன். கூண்டில் இருந்து உயிரோடு எடுத்து, கழுத்தைத் திருகி வைக்கிறேன். இரண்டு நாள் எறும்புதான் தின்றது. மூன்றாம் நாள் மத்தியானம் பெட்டை இறங்கி வந்து, சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு எடுத்துக்கொண்டு போனது. நான் ஆலமரத்துக்குப் பின்னால் நின்றேன்.

லிங்கப்பன்


மைசூரு
11 பிப்ரவரி 2025

லிங்கப்பன் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை நாலைந்து முறை படித்தேன். உண்மையைச் சொன்னதற்கு நன்றி என்று எழுதத் தோன்றியது, அடுத்த நிமிஷமே கோபம் வந்தது. முதலாளி சொன்னார் என்கிறீர்கள். கயிற்றில் கௌதாரியைக் கட்டியது உங்கள் கை. அவர் உங்களுக்கு லைசென்ஸ்தான் வாங்கிக் கொடுத்தார், அந்த யோசனையை அவரா வாங்கிக் கொடுத்தார்?

எழுதிவிட்டேன், அடித்துத் திருத்தவில்லை. இருக்கட்டும்.

என் நிலைமையும் அவ்வளவு சுத்தமாக இல்லை. குஞ்சு பறக்க மார்ச் கடைசி ஆகும். இன்று நான் புகார் கொடுத்தால் நாளைக்கே அங்கே ஆட்கள் வருவார்கள், நீங்கள் போய்விடுவீர்கள், பாறையில் இரை வைக்க ஆள் இருக்காது. கொடுக்காவிட்டால் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் முப்பது நாற்பது கௌதாரிகள் சாகும். கௌதாரியும் சட்டத்தின் பாதுகாப்பில் உள்ள பறவைதான். ஒரு குஞ்சுக்காக நான் அவற்றை விலையாகக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். ராஜாளி பெரியது, அழகானது, எங்களைப் போன்றவர்கள் போட்டோ எடுக்க ஆசைப்படுவது. கௌதாரிக்காக மைசூரில் இருந்து யார் பஸ் ஏறி வருவார்? இந்தக் கேள்வி சில நாட்களாக என்னை விடவில்லை.

என் மேலதிகாரி ஹ்ருஷிகேஷ் நேற்று எக்ஸ்ரே எங்கே என்று கேட்டார். மெஷினில் கோளாறு, மறுபடி எடுக்க வேண்டும் என்றேன். பத்து வருஷ வேலையில் நான் சொன்ன முதல் பொய் அது.

ஆண் ராஜாளி தானாகச் சாப்பிட ஆரம்பித்துவிட்டது. எங்கள் வீட்டில் முட்டைகூட வாங்கமாட்டோம். நான் தினமும் காலை எட்டு மணிக்கு அதற்குக் கோழி நறுக்குகிறேன்.

மார்ச் கடைசி வரை பொறுக்கிறேன். அதுவரைக்கும்தான்.

யதுகிரி


கோபிநத்தம்
23.2.2025

டாக்டரம்மாவுக்கு,

உங்கள் கோபம் நியாயம். ஆனால் ஒன்று சொல்கிறேன். வேண்டாம் என்று சொல்லிவிட்டு வெளியே வர உங்களுக்கு ஒரு கதவு இருக்கிறது. என் மகள் தீபா சாமராஜநகரில் நர்சிங் படிக்கிறாள். அவளுக்கு அந்த சீட்டு கிடைக்கச் சொல்லிவைத்தவர் இதே முதலாளிதான். மல்லம்மா அவருடைய காடைகளுக்குத் தீனி போடுகிறாள். நாங்கள் குடியிருக்கும் வீடு அவருடையது. நான் எந்தக் கதவு வழியாகப் போவது?

குஞ்சுக்குப் பஞ்சு உதிர்ந்து கருஞ்சிறகு முளைக்கிறது. கூட்டின் ஓரத்துக்கு வந்து நின்று இறக்கையை அடித்துப் பார்க்கிறது.

முதலாளிக்குச் சந்தேகம் வந்துவிட்டது. கூண்டில் கௌதாரி குறைகிறது என்று கேட்டார். நரி என்றேன். நரிக்குக் கூண்டின் கொண்டியைத் திறக்கத் தெரியுமா என்று கேட்டுவிட்டுப் போனார். நான் தின்கிறேன் என்று நினைக்கிறார். அது போகட்டும். முந்தாநாள் அவர் கண்ணில் பெட்டை பட்டுவிட்டது. மார்ச் ஒன்பதாம் தேதி பெரிய விருந்தாம், பெங்களூரில் இருந்து முக்கியமானவர்கள் வருகிறார்களாம். அதற்குள் இதையும் முடித்துவிடு என்றார். இந்தத் தடவை செத்ததைக் கண்ணால் பார்க்க வேண்டுமாம்.

நான் செய்யமாட்டேன். ஆனால் நான் செய்யாவிட்டால் சுடுவதற்கு அவரிடம் வேறு ஆள் இருக்கிறான். என்ன செய்யட்டும் என்று எழுதுங்கள். சீக்கிரம்.

லிங்கப்பன்


மைசூரு
28 பிப்ரவரி 2025

லிங்கப்பன் அவர்களுக்கு,

இன்று காலை எக்ஸ்ரேயை ஹ்ருஷிகேஷிடம் கொடுத்துவிட்டேன். மத்தியானம் வனத்துறைக்கு எழுத்தில் புகார் போய்விட்டது. பண்ணை, கௌதாரிக் கூண்டுகள், மார்ச் ஒன்பது, பாறைக்கூடு எல்லாம் அதில் இருக்கிறது. உங்கள் பெயர் இல்லை. உங்களைக் கேட்டுச் செய்திருக்க வேண்டும். கேட்டு, பதில் வரும்வரை காத்திருந்தால் பெட்டை உயிரோடு இருக்காது என்று பயந்துவிட்டேன்.

அவர்கள் வருவதற்குள் இந்தக் கடிதம் கிடைத்தால், அன்றைக்கு நீங்கள் பண்ணையில் இருக்காதீர்கள்.

யதுகிரி


சாமராஜநகர் ஜெயில்
15.3.2025

டாக்டரம்மாவுக்கு,

உங்கள் கடிதம் ஆறாம் தேதி சாயங்காலம் அய்யாசாமி கடைக்கு வந்ததாம். அவர்கள் அன்று காலையே வந்துவிட்டார்கள்.

என் பெயரை எழுதவில்லை என்றீர்கள். சரிதான். ஆனால் துப்பாக்கியில் என் பெயர்தானே இருந்தது. கௌதாரிக் கூண்டுகளின் சாவி என் இடுப்பில்தானே இருந்தது. முதலாளி மத்தியானம் வந்தார். காடைக்கான காகிதங்களைக் காட்டினார். பின்னால் என்ன நடந்தது என்று தனக்கே தெரியாது, காவல்காரன் திருட்டுத்தனமாகக் கௌதாரி பிடித்து விற்றிருக்கிறான் என்றார். என்னைப் பார்த்து, “ஏன் லிங்கப்பா இப்பிடிப் பண்ணுனே?” என்று கேட்டார். உண்மையாகவே வருத்தப்படுகிறவர் மாதிரி கேட்டார். நான் வாயைத் திறக்கவில்லை. ராஜாளியைச் சுட்டதும் நான்தான் என்று எழுதிக்கொண்டார்கள். அது பொய் இல்லையே.

இரண்டு நாள் கழித்து அவருடைய வக்கீல் வந்தார். எல்லாவற்றையும் நான் ஏற்றுக்கொண்டால் என்னை வெளியே எடுப்பதும் வீட்டைப் பார்த்துக்கொள்வதும் அவர்கள் பொறுப்பாம். தீபா படிப்பு நிற்காதாம். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசிக்க இங்கே நேரம் நிறைய இருக்கிறது.

நீங்கள் நல்லது நினைத்துத்தான் செய்தீர்கள். எனக்குத் தெரியும். இருந்தாலும் மனது ஆறவில்லை. பெட்டையைக் காப்பாற்ற என்னைக் கொடுத்துவிட்டீர்கள். என்ன செய்யட்டும் என்று கேட்டவன் நான். என் பதிலுக்காவது கொஞ்சம் காத்திருந்திருக்கலாம்.

இனி எழுத வேண்டாம்.

லிங்கப்பன்


மைசூரு
22 மார்ச் 2025

லிங்கப்பன் அவர்களுக்கு,

எழுத வேண்டாம் என்றீர்கள். இதை ஒரு தடவை மட்டும் பொறுத்துக்கொள்ளுங்கள். ஜெயிலுக்கு வரும் கடிதங்களைப் பிரிப்பார்கள் என்பதால் அய்யாசாமி கடைக்கு அனுப்பி, மல்லம்மா கையில் கொடுத்தனுப்பச் சொல்கிறேன்.

உங்கள் கடிதத்தை என் அம்மாவிடம் படித்துக் காட்டினேன். அவர் இதுவரை என் வேலையைப் பற்றி எதுவும் கேட்டதில்லை. கடிதத்தை முழுக்கக் கேட்டுவிட்டு, “நீ எழுதிக் குடுத்துட்டு ஆத்துக்கு வந்துட்டே. அவன் ஆம்படையா என்னடி பண்ணுவா?” என்றார். மறுநாள் லீவு போட்டுவிட்டு, கொள்ளேகால் வழியாக பஸ் மாறிக் கோபிநத்தம் போனேன்.

மல்லம்மா இப்போது அய்யாசாமி வீட்டில் இருக்கிறார். என்னைப் பார்த்ததும் உட்காரச் சொல்லவில்லை, போகவும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து ஒரு பையை எடுத்துக்கொண்டு நடந்தார். பின்னாலேயே போனேன். பண்ணைக்கு சீல் வைத்திருக்கிறார்கள். வேலிக்கு வெளியே சுற்றிக்கொண்டு மொட்டைப்பாறைக்குப் போனோம். பையில் இருந்தது அவர் வீட்டு நாட்டுக்கோழி ஒன்று. எதிர்ப்பாறையில் வைத்துவிட்டு ஆலமரத்துக்குப் பின்னால் வந்து நின்றோம். நீங்கள் கைதான நாளில் இருந்து ஒருநாள் விட்டு ஒருநாள் அவர்தான் வைக்கிறாராம். “அவரு தெனமும் வெச்சதுங்க. நடுவுல நிறுத்துனா அதுக்கு என்ன தெரியும்?” என்றார். என்னிடம் அன்று அவர் பேசியது அவ்வளவுதான்.

குஞ்சு கூட்டில் இல்லை. பயந்துபோனேன். மல்லம்மா கையைக் காட்டினார். மேலே ஒரு மரக்கொம்பில், தாய்க்குப் பக்கத்தில், செம்மண் நிற நெஞ்சோடு உட்கார்ந்திருந்தது. பறந்துவிட்டது.

இப்போது நான் சொல்ல வேண்டிய விஷயம். உங்கள் கடிதங்களை நான் அடுப்பில் போடவில்லை. போட மனம் வரவில்லை. காரணம் எதுவாக இருந்தாலும் உங்களிடம் சொல்லாதது தப்பு. என் சித்தப்பா செலுவநாராயணன் வக்கீல். அவரிடம் பெயர் சொல்லாமல் கேட்டேன். இந்தக் கடிதங்கள் கோர்ட்டுக்குப் போனால் விஜய்குமார் தப்பிப்பது கஷ்டம் என்கிறார். தேதி, விருந்து, அவர் சொன்ன வார்த்தை எல்லாம் அவற்றில் இருக்கின்றன, அதுவும் வழக்கு வருவதற்கு முன்பே எழுதியவை. ஆனால் “சுட்டது நான்தான்” என்பதும் உங்கள் கையெழுத்தில் இருக்கிறது. கொடுத்த பிறகு நீங்கள் நினைத்தாலும் அதை மறுக்க முடியாது. அந்த வீடும், தீபாவுக்கு அவர்கள் சொன்ன உறுதியும் போய்விடும்.

போன தடவை உங்களைக் கேட்காமல் செய்தேன். இந்தத் தடவை உங்கள் வார்த்தை இல்லாமல் ஒரு காகிதமும் என் வீட்டை விட்டு வெளியே போகாது. வேண்டாம் என்றால் சொல்லுங்கள், எல்லாவற்றையும் மல்லம்மா கையிலேயே கொடுத்துவிடுகிறேன்.

யதுகிரி


சாமராஜநகர் ஜெயில்
30.3.2025

டாக்டரம்மாவுக்கு,

மல்லம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. நீங்கள் கொடுத்தனுப்பிய கடிதத்தைக் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று தீபாதான் படித்தாள். நான் சுட்டது அவளுக்கு அதுவரை தெரியாது. அப்பா மேல் பொய்க்கேஸ் என்று ஹாஸ்டலில் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறாள். படித்து முடித்துக் காகிதத்தை மடித்து வைத்துக்கொண்டு, நீங்கதான் சுட்டீங்களாப்பா என்று கேட்டாள். ஆமாம் கண்ணு என்றேன். அப்புறம் கேட்டாள்: “சுட்டதை ஒத்துக்கறீங்க. சுடச்சொன்னதை மட்டும் எதுக்குப்பா மறைக்கறீங்க?”

உன் படிப்புக்குத்தான் என்று சொல்ல வாய் வரை வந்தது. சொல்லவில்லை. சொன்னால் அந்தப் பாரத்தை அவள் தலையில் வைத்த மாதிரி ஆகிவிடும். பார்வை நேரம் முடிந்துவிட்டது என்று மணி அடித்தார்கள். போகும்போது, என்னோட சீட்டு என் மார்க்குக்குக் கிடைச்சது, அவர் சொல்லிக் கிடைச்சதில்லை, போய் ஆபீஸில் கேட்டுவிட்டுத்தான் வந்தேன் என்று சொல்லிவிட்டுப் போனாள். இரண்டு வருஷமாக அந்த ஒரு நன்றிக்குத்தான் நான் தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

எல்லாக் கடிதங்களையும் கொடுத்துவிடுங்கள். சுட்டது நான்தான் என்று எழுதியதை எடுத்துவிட்டுக் கொடுக்கலாமா என்று உங்கள் சித்தப்பா கேட்டாலும் கேட்பார். வேண்டாம். அதை எடுத்துவிட்டால் மற்றதையும் யாரும் நம்பமாட்டார்கள்.

போன கடிதத்தில் கோபமாக எழுதிவிட்டேன். கோபம் இன்னும் கொஞ்சம் இருக்கிறது. ஆனால் எழுதலாம்.

லிங்கப்பன்


மைசூரு
19 மே 2025

லிங்கப்பன் அவர்களுக்கு,

ஜாமீனில் வெளியே வந்துவிட்டீர்கள் என்று தீபா போனில் சொன்னாள். நிம்மதி.

கடிதங்களைக் கொடுத்த மறுவாரம் விஜய்குமாரைக் கைது செய்தார்கள். அவரும் ஜாமீனில் வந்துவிட்டார். வழக்கு பல வருஷம் போகும் என்கிறார் சித்தப்பா. ஆனால் விருந்தாளிகளில் இரண்டு பேர் வாக்குமூலம் கொடுத்துவிட்டார்கள் என்று கேள்வி. கூண்டில் இருந்த கௌதாரிகளைக் கரட்டுப் பக்கம் திறந்துவிட்டார்களாம். கூண்டிலேயே பிறந்தவை வெளியே எத்தனை நாள் பிழைக்கும் என்று தெரியாது. பெரும்பாலானவை ராஜாளிக்கும் கீரிக்கும்தான் போகும். அது அவற்றின் பாடு என்று விட்டுவிடக் கற்றுக்கொண்டிருக்கிறேன்.

உங்கள் கடிதங்களோடு என் கடிதங்களும் போயின. ஆறு வாரம் எக்ஸ்ரேயை மறைத்து வைத்ததும், மெஷின் கோளாறு என்று பொய் சொன்னதும் என் கையெழுத்திலேயே இருந்தன. விசாரணை வைத்தார்கள். ஹ்ருஷிகேஷ் நல்லவர், ஆனால் என்னைப் பார்த்து, நீ அந்தப் பறவைக்கு டாக்டரா, அந்த ஆளுக்கு வக்கீலா என்று கேட்டார். இரண்டுமாக இருக்கப் பார்த்தேன், இரண்டிலும் பாதிதான் செய்தேன் என்றேன். வேலையை விட்டு நிற்கச் சொல்லிவிட்டார்கள். இப்போது அக்ரஹாரத்தில் ஒரு சின்ன கிளினிக்கில் நாய்க்கும் பூனைக்கும் ஊசி போடுகிறேன். இதில் உங்கள் மேல் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை.

ஆண் ராஜாளி இனிப் பறக்காது. எலும்பு கூடிவிட்டது, மூட்டு இறுகிவிட்டது. மையத்தின் பெரிய கூண்டில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் போய்ப் பார்க்க எனக்கு அனுமதி உண்டு. நீங்கள் மைசூருக்கு வந்தால் கூட்டிப் போகிறேன். வருகிறீர்களா?

யதுகிரி


கோபிநத்தம்
6.7.2025

டாக்டரம்மாவுக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. வரட்டுமா வேண்டாமா என்று யோசித்ததில் நாள் போய்விட்டது. வரவில்லை. அதன் முன்னால் போய் நின்று நான் என்ன செய்வது? அதற்கு என்னைத் தெரிந்தாலும் கஷ்டம், தெரியாவிட்டாலும் கஷ்டம். பின்னால் எப்போதாவது பார்ப்போம்.

அய்யாசாமியின் நிலத்தில் பாதியைக் குத்தகைக்கு எடுத்து மக்காச்சோளம் போட்டிருக்கிறேன். பன்றி வருகிறது. துப்பாக்கி இல்லை, தகரத்தைத் தட்டித்தான் விரட்டுகிறேன். பாதி நாள் அவை பயப்படுவதில்லை. மல்லம்மா நாட்டுக்கோழி வளர்க்கிறாள். தீபா மூன்றாம் வருஷத்துக்குப் போய்விட்டாள்.

உங்கள் வேலை போனது என்னால்தான் என்று மல்லம்மா சொல்கிறாள். உங்கள் கடிதத்தில் அப்படி இல்லை என்றேன். டாக்டரம்மா அப்படித்தான் எழுதுவாங்க என்கிறாள். நானும் அப்படித்தான் நினைக்கிறேன். இதை எப்படிச் சரிசெய்வது என்று எனக்குத் தெரியவில்லை, அதனால் எழுதி மட்டும் வைக்கிறேன்.

போன வியாழக்கிழமை காலையில் களத்தில் நின்றுகொண்டிருந்தேன். கோழிகள் எல்லாம் திடீரென்று சத்தம் போட்டுக்கொண்டு ஓடின. மேலே பார்ப்பதற்குள் மொட்டைப்பாறைக் குஞ்சு, அந்தச் செந்நெஞ்சுக்காரன், இறங்கிவிட்டான். மல்லம்மாவின் முட்டைக்கோழி, கறுப்பு, நல்ல கனம். அதன் முதுகில் காலைப் பதித்துக்கொண்டு, இறக்கையை விரித்து மூடி உட்கார்ந்து என்னைப் பார்த்தது. இருபதடி இருக்கும். இன்னும் சரியாகத் தூக்கக்கூடத் தெரியவில்லை, இரண்டு தடவை எழும்பப் பார்த்துக் கீழே விழுந்தது.

நான் குனிந்து கல்லை எடுத்தேன். பெரிய கல்தான். வீசினேன்.

படவில்லை. குறி தவறியதா, நான்தான் தவற விட்டேனா என்று எனக்கே தெரியவில்லை. மூன்றாம் தடவை அது கோழியோடு எழும்பி, மக்காச்சோளத்துக்கு மேலே தாழ்வாகப் போய், அப்புறம் மேலே ஏறியது. மல்லம்மா முற்றத்தில் வந்து நின்று, ஒரு நாளைக்கு ஒரு முட்டை போச்சு என்று திட்டினாள். என்னையா, அதையா என்று நான் கேட்கவில்லை. இரண்டு பேரும் கையை நெற்றிக்கு வைத்துக்கொண்டு, அது பாறைக்கு அந்தப் பக்கம் மறைகிற வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றோம்.

லிங்கப்பன்